ரெண்டு தடவைதான்

பெயர் நீளம்.
ஆஸ்பத்திரிப் பட்டையில் 'கொப்புடைநா' வரைக்கும்தான் இடம்.
மிச்சமிருக்கும் 'யகி'யை
அவளே நீலப் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொள்வாள்,
நரம்பின் மேல் படாமல்.

செவ்வாய்க்கிழமை ரத்தம்.
பலகாரக் கடையில் கொடுத்த சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
முன்பக்கம் அதிரசம் நூறு, சீப்புச்சீடை அஞ்சு கிலோ.
பின்னாலிருந்து திருப்பினால்
இடது முழங்கை மடிப்பு: ஒரே குத்து.
வலது புறங்கை: வீங்கிவிட்டது, பத்து நாள் தொடவேண்டாம்.
இடது கணுக்கால்: கேட்காமல் செய்தார்கள்.

கண்டனூரில் பஸ் ஏறியதுமே
ரெண்டு கையிலும் களிம்பு தடவிக் கண்ணாடித்தாள் ஒட்டிவிடுவேன்.
பஸ் அரை மணி, காரைக்குடியில் வரிசை அரை மணி.
தோல் மரத்துப்போக ஒரு மணி.
ரயில்வே கேட்டு மூடியிருந்தால்
எல்லோரும் சலித்துக்கொள்வார்கள்,
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து "இன்னும் ரெண்டு மடக்கு" என்பேன்.

சட்டம் அவள் போட்டது.
ஒண்ணு ரெண்டு மூணு எண்ணக்கூடாது.
எறும்புக் கடி என்று பொய் சொல்லக்கூடாது.
எந்தக் கை என்று அவளைத்தான் கேட்கணும்.
அப்புறம், ரெண்டு தடவைதான்.

முதல் மாதம் எனக்கு வாய் வரவில்லை.
வெள்ளைக் கோட்டு முன்னால் பேசிப் பழக்கமில்லை.
ரெண்டாம் மாதம், அஞ்சாவது குத்துக்கு ஓங்கிய
பயிற்சி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன்.
அவரும் சின்னப் பையன்தான், மேலுதடு வேர்த்திருந்தது.
"போதும் தம்பி" என்றேன்.

அமலோற்பவம் சிஸ்டர் டியூட்டி என்றால் பயமில்லை.
கையைப் பார்க்கவே மாட்டார்.
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, விரல் நுனியால் தேடுவார்,
நான் பாகுப் பதம் பார்ப்பேனே, அப்படி.
"இந்தா இருக்கான் திருடன்" என்பார்.
கொப்பு சிரித்து முடிப்பதற்குள் குழாயில் சிவப்பு.

அவள் அப்பா சேவுகன் போர் லாரியில் வேலை.
எழுநூறு அடியில் வெறும் புழுதி பறந்தால்
"வேற பாயிண்ட் பாத்துக்கலாம்ணே" என்று
தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொள்கிறவன்.
ஒரு நர்ஸம்மா இவள் புறங்கையைத் தட்டித் தட்டி
"வேற இடம் பாக்கலாம்" என்றபோது
எழுந்து போய்விட்டான்.
சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான், வண்டியே கொண்டுவராதவன்.

ஆவணியில் ஒரு ராத்திரி.
காய்ச்சல் நூத்திரெண்டு. வெள்ளணு நானூறு.
ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாகணும்.
களிம்புக்கு நேரமில்லை. சிஸ்டர் லீவு.
அதே பையன் டாக்டர்.
முதல் குத்தில் நரம்பு உடைந்தது.
ரெண்டாவதில் உருண்டு நழுவியது.
ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
சட்டம் அவருக்கும் தெரியும்.
வேறு ஆளில்லை வார்டில்.

அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"இன்னொண்ணு" என்றேன் நான்.
தோளை அழுத்தியது நான்.
முழங்காலை மடியில் இடுக்கியது நான்.
வலிக்குக் கத்தவில்லை அவள்.
"ரெண்டுன்னு சொன்னே, ரெண்டுன்னு சொன்னே."

ஏறிவிட்டது.
அதிரசப் பெட்டி அட்டையை வெட்டிக் கைக்கு அடியில் கொடுத்து
பிளாஸ்திரி சுற்றினோம்.
கடையின் போன் நம்பர் தலைகீழாகத் தெரிந்தது.
ஒரு சொட்டு விழுந்தது.
அடுத்தது விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
விழுந்தது.

விடியுமுன் விழித்தாள். பேசவில்லை.
கட்டில்லாத கையை நீட்டினாள்.
நோட்டைக் கேட்கிறாள் என்று புரியவே நேரமாயிற்று.
பழக்கமில்லாத இடது கையால் கோணல் கோணலாக எழுதினாள்:
'வலது கை. மூணு. அம்மா.'
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள்.
'மூணு'வை அடித்துவிட்டு
'ரெண்டு. அப்பறம் ஒண்ணு' என்று மாற்றினாள்.

பேனாவை என்னிடம் தந்தாள்.
"கையெழுத்துப் போடு."